ஏழு சென்டிமீட்டர் தண்ணீர்

பழவேற்காட்டில் காற்று அடங்கிக் கிடக்கும் விடியற்காலையில், கரையிலிருந்து ஒருவர் கூப்பிட்டால் ஏரிக்குள் வெகுதூரத்தில் நிற்கும் படகுக்கும் கேட்கும். வெயில் ஏறி, காற்று கிளம்பி, எஞ்சின்கள் ஓடத் தொடங்கிய பிறகு அதே ஆள் அதே இடத்தில் நின்று கத்தினாலும் பாதித் தூரம் போகாது. அலையில்லாத தண்ணீர், தளம் போட்ட தரை மாதிரி ஒலியைத் திருப்பிவிடுகிறது. கரையை ஒட்டிக் குளிர்ந்து கிடக்கும் காற்று, மேலே தப்பிப்போகப் பார்க்கும் ஒலியை வளைத்துக் கீழே அனுப்புகிறது. மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த விடியலிலும் எட்டாத குரல்கள் உண்டு. எழுபதைத் தாண்டிய ஒருவர் கையைக் குவித்துக் கூப்பிடுகிறார். படகு திரும்பவில்லை. பக்கத்தில் நிற்கும் பேரன் ஒரு தடவை குரல் கொடுக்கிறான், திரும்புகிறது. "தொண்ட கம்மிப்போச்சு. வயசாயிடுச்சு இல்ல?" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வலையைப் பிரிக்க உட்கார்ந்துவிடுகிறார். ஊரில் யாரும் அதை மறுப்பதில்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாததால் பலருடைய குரல் போக வேண்டிய காலத்துக்கு முன்பே போய்விடுகிறது. சில சமயம் உயிரும் போகிறது.

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திராவும் பங்கு போட்டுக்கொள்ளும் பழவேற்காடு ஏரி, இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது. கடலோடு சேரும் தெற்கு முகத்துவாரமும் அதைச் சுற்றிய குப்பங்களும் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. இங்கே குரல் ஒரு தொழில் கருவி. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' என்ற பழைய ஏற்பாடு கோட்டைக்குப்பம், நடுக்குப்பம் போன்ற ஊர்களில் உண்டு. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1991இல் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. அப்படிப்பட்ட முறையில் தகராறு வந்தால் ஊர்க் கூட்டத்தில் வாய் திறந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். மீன் கரைக்கு வந்தால் ஏலம். ஏலம் முடிந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகக் கூவும் பெண்கள். குரல் கம்மிப்போனவர் பாட்டுப் பாடும் இன்பத்தை மட்டும் இழப்பதில்லை. கூட்டத்தில் தன் பேச்சுக்கு இருந்த எடையையும், ஏலத்தில் தன் இடத்தையும் இழக்கிறார்.

அந்தக் குரல் எப்படிப் பிறக்கிறது?

ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒரு ஸ்ட்ராவை ஏழு சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டு, முதல் குமிழி கிளம்பும்வரை ஊதிப் பாருங்கள். சாதாரணமாகப் பேசுவதற்கு நுரையீரல் தர வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ அவ்வளவுதான். நாலு விரல் உயரத் தண்ணீரைத் தள்ளும் மூச்சு. கத்தும்போது அது பல மடங்காக ஏறும். இந்த மூச்சு, தொண்டையின் முன்பக்கம் கைவைத்தால் தட்டுப்படும் குரல்வளைக்குள் நுழைந்து, அங்கே வாசல் கதவுபோல நிற்கும் இரண்டு சதை மடிப்புகளைத் தள்ளித் திறக்கிறது. காற்று விரைந்து கடந்ததும் அவை திரும்ப மூடுகின்றன. மறுபடி திறப்பு, மறுபடி மூடல். இந்த மடிப்புகளைக் குரல் நாண்கள் என்கிறோம். ஆணுக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. பேசும்போது ஆணின் நாண்கள் ஒரு விநாடிக்கு நூறு முதல் நூற்று முப்பது தடவையும், பெண்ணின் நாண்கள் இருநூறு தடவைக்குச் சற்று மேலும் கீழுமாகவும் மோதிப் பிரிகின்றன. கூடைக்காரப் பெண் ஒருவர் குரலை உயர்த்தி, விநாடிக்கு முந்நூறு அதிர்வில் கூவுகிறார் என்று வைத்துக்கொண்டால், கூவும் ஒவ்வொரு நிமிடத்திலும் பதினெட்டாயிரம் மோதல்கள். வேறு எந்தத் தசைமடிப்பையும் மனித உடல் இப்படிப் போட்டு அடிப்பதில்லை.

உயிரோடு பேசும் மனிதனின் தொண்டைக்குள் இது நடப்பதைத் தெளிவாகப் பார்த்து எழுதியவர் ஒரு மருத்துவர் அல்ல, பாட்டு வாத்தியார். மானுவேல் கார்சியா என்ற ஸ்பானியர் 1854இல், பாரிஸ் நகரத்தில் கண்ணாடியில் பட்டுத் தெறித்த வெயிலைப் பார்த்தபோது, வெயிலைத் தொண்டைக்குள்ளும் அனுப்பலாமே என்று யோசித்தார். பல் மருத்துவர்கள் வைத்திருந்த சிறு கண்ணாடியை நீண்ட காம்போடு உள்ளே விட்டு, கைக்கண்ணாடியால் சூரிய ஒளியை அதன்மேல் திருப்பி, தன் குரல்வளையைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதை அறிவித்தார். அவருக்கு நூறு வயது நிறைந்ததை 1905இல் லண்டனில் கொண்டாடினார்கள். 101 வயதில் இறந்தார்.

கார்சியா பார்த்தது மேற்பரப்பை. உள்ளே என்ன இருக்கிறது என்பதை 1970களில் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டினார். மெல்லிய தோல், அதற்குக் கீழே கொழகொழப்பான ஓர் அடுக்கு, அதற்குக் கீழே மீள்தன்மையுள்ள நார்கள், பிறகு உறுதியான நார்கள், அடியில் தசை. இதில் உயிர்நாடி அந்தக் கொழகொழப்பான அடுக்குதான். பனைமரம் அறிந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது: அது இளநுங்கு. விரல் பட்டால் ததும்பும். காற்று பட்டதும் மேல்தோல் அலையலையாகப் புரள்வதற்கு அந்தத் ததும்பல்தான் காரணம். கடலோரத்தில் நின்று அலை கரையேறுவதைப் பார்ப்பது போலவே, மினுக்கு விளக்கில் மருத்துவர்கள் இந்த அலையைப் பார்க்கிறார்கள். ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கில் ஓடும் அலையை, அதன் வேகத்துக்குச் சற்றே மாறி மினுங்கும் விளக்கு, மெதுவாக நகர்வதுபோலக் காட்டுகிறது.

வயது ஏறும்போது நுங்கு முற்றுகிறது. மேலடுக்கின் ததும்பல் குறைகிறது. மீள்தன்மை தரும் எலாஸ்டின் நார்கள் தளர்கின்றன. விறைப்பான கொலாஜன் நார்கள் பெருகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நாண்களை நனைத்து வைத்திருக்கும் சளி கெட்டிப்படுகிறது. அடியிலுள்ள தசை மெலிகிறது; சுருக்கென இயங்கும் இழைகள் குறைகின்றன; அதற்குக் கட்டளை கொண்டுவரும் நரம்பிழைகளும் குறைகின்றன. இதனால், இழுத்துக் கட்டிய கயிறுபோல நேராக நிற்க வேண்டிய நாண்கள் நடுவில் தொய்ந்து போகின்றன. இரண்டும் சேர்ந்து மூடும்போது நடுவில் வேப்பிலை வடிவத்தில் ஓர் இடைவெளி விடுகிறது.

அந்த வேப்பிலை இடைவெளியில்தான் பெரியவரின் குரல் ஒழுகுகிறது. மூச்சு வீணாகிறது, ஒலியில் காற்று கலக்கிறது, எண்ணிக்கொண்டே போகும் ஏலத்தில் நடுவிலேயே மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அதோடு நெஞ்சுக்கூட்டின் குருத்தெலும்புகள் விறைத்து, நுரையீரலின் மீள்விசையும் குறைவதால், உள்ளே வரும் காற்றின் கொள்ளளவே சுருங்கியிருக்கும். குறைந்த முதலில் அதிகச் செலவு. குரல்வளையின் குருத்தெலும்புகளும் மெல்ல மெல்ல எலும்பாகின்றன. இது இருபதுகளிலேயே தொடங்கிவிடுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆண்களுக்கு இது முன்னதாகவும் பரவலாகவும் நடக்கும். இந்த எலும்பாதலையே பழைய நூல்கள் முதற்காரணமாகச் சொல்லிவந்தன. இன்றைய பரிசோதனைகள் அதைவிடத் தசை மெலிவையும் நாணின் தொய்வையும்தான் சுட்டுகின்றன. அதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது: எலும்பானதைத் திருப்ப முடியாது, மெலிந்த தசையைப் பழக்க முடியும்.

சுருதியில் நடப்பது இன்னும் விசித்திரமானது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, ஹார்மோன் மாற்றத்தால் நாண்கள் சற்றுத் தடித்து, குரல் தாழ்கிறது. ஆண்களுக்கு அறுபது, எழுபதுக்குப் பிறகு நாண்கள் மெலிந்து, குரல் சற்று உயர்கிறது. வாழ்நாள் முழுவதும் விலகியிருந்த இரண்டு குரல்களும் முதுமையில் ஒன்றையொன்று நெருங்குகின்றன. மீன் விற்கும் ஆயாவின் குரலைத் தொலைபேசியில் கேட்டு "அண்ணே" என்று கூப்பிடுவதும், தாத்தாவை "அம்மா" என்று கூப்பிடுவதும் இதனால்தான். பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் ஆண்டுதோறும் ஆற்றிய கிறிஸ்துமஸ் உரைகளை மொழியியல் அறிஞர்கள் பத்தாண்டு பத்தாண்டாக வைத்து ஒப்பிட்டார்கள். ஒரே பெண், ஒரே வகைப் பேச்சு. இளமைக் குரலைவிடப் பிற்காலக் குரல் தெளிவாகத் தாழ்ந்திருந்தது.

கர்நாடக இசை மேடையில் இதை வேறு பெயரில் அறிவார்கள். வயதாகும்போது பாடகர்கள் ஒரு கட்டை, அரைக் கட்டை இறக்கிக்கொள்வது வழக்கம். ரசிகர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. குரலுக்கேற்பச் சுருதியை மாற்றிக்கொள்ளும் அந்த அறிவு ஏலக் கரைக்கு வரவில்லை. அங்கே முப்பது வயதில் கூவிய அதே உச்சத்தில் எழுபதிலும் கூவப் பார்க்கிறார்கள். முடியாதபோது கழுத்துத் தசைகளை முறுக்கி, நாண்களுக்கு மேலே உள்ள சதைகளையும் சேர்த்து நெருக்கிப் பிழிகிறார்கள். கழுத்து நரம்பு புடைத்துத் தெரியும், வருவது கரகரப்பு.

பழவேற்காட்டுக்காரர்களின் தொண்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. உண்மையில் அதுதான் முதல் வேலை. குரல்வளை பேசுவதற்காகத் தோன்றியதே அல்ல. நுரையீரல் மீன்களுக்கு, தண்ணீர் நுரையீரலுக்குள் போகாமல் தடுக்க ஒரு சுருக்குத் தசை உண்டு. இந்த வால்வுதான் குரல்வளையின் மூதாதை என்று பிரிட்டிஷ் மருத்துவர் விக்டர் நீகஸ் 1929இல் வெளியிட்ட தன் பெரிய நூலில் விளக்கினார். நம் தொண்டையிலும் அது இன்னும் வால்வாகவே வேலை செய்கிறது. கனமான வலையை இழுக்கும்போது நாம் அறியாமலே மூச்சைப் பிடிக்கிறோம். குரல் நாண்கள் இறுக மூடி, நெஞ்சுக்கூட்டைக் காற்றடைத்த பந்துபோல விறைக்க வைக்கின்றன. கைக்கு ஊன்றுகோலாக இருப்பது அந்த விறைப்பு. இழுப்பு முடிந்ததும் தொண்டையிலிருந்து 'ஹக்' என்று ஒரு சத்தம் வெளிப்படும். வால்வு திறந்த சத்தம் அது.

வேப்பிலை இடைவெளி விழுந்த தொண்டையில் அந்த அடைப்பு முழுதாக நிற்காது. இருமல் வலுவிழக்கும். சோறோ தண்ணீரோ மூச்சுக்குழலில் இறங்கிப் புரையேறுவது அடிக்கடி நடக்கும். பேசும் குரல் கம்மிய பெரியவர் சாப்பிடும்போதும் இருமுகிறார் என்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புரையேறுவது நிமோனியாவாக முடியலாம். முதியவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இவ்வளவு தேய்மானத்துக்குப் பிறகும் சில குரல்கள் நிற்கின்றன. டி.எம். சௌந்தரராஜன் 1922இல் பிறந்தவர். 2010ஆம் ஆண்டு கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கு ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த பாடலில் அவரும் பாடியபோது வயது 88. அதிர்வில் நடுக்கம் உண்டு, ஆனால் குரல் யாருடையது என்பதில் ஒரு நொடிகூடச் சந்தேகம் எழாது. பெரியார் 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் தன் கடைசிக் கூட்டத்தில் பேசியபோது அவருக்கு 94 வயது. ஐந்து நாளில் இறந்துபோனார். உடல் நொந்திருந்தது, குரல் கூட்டத்தைக் கட்டி நிறுத்தியது. இவர்களுக்கு வாய்த்த தொண்டை நல்ல தொண்டை என்று சொல்லிவிட்டால் எளிது. ஆனால் இருவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. இரண்டு பேருமே குரலை ஓய்வுக்கு அனுப்பவில்லை.

குப்பத்துப் பெரியவருக்கு நடப்பது நேர்மாறானது. படகில் போவதை நிறுத்தும் நாளிலேயே அவருடைய குரலுக்கும் வேலை போகிறது. கரையில் வலை பிரிக்கும் வேலைக்குப் பேச்சு தேவையில்லை. கடல் பக்கத்தில் பெரிய வலையைக் கூட்டமாக இழுத்த காலத்தில், தமிழ்க் கடற்கரைகள் பலவற்றில் அம்பா பாட்டு இருந்தது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுச் சொல்வார்கள். மூச்சு, தொண்டை, தோள் மூன்றும் ஒரே தாளத்தில் வேலை செய்யும். மருத்துவமனையில் இன்று காசு கொடுத்துச் செய்யும் குரல் பயிற்சிக்கு அது வெகு நெருக்கம். எஞ்சின் வந்த பிறகு பாட்டின் தேவை குறைந்தது. அந்த இடத்தில் சத்தம் வந்து உட்கார்ந்தது.

சத்தம் இரண்டு வகையில் குரலைத் தின்கிறது. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்து 1911இல் காட்டினார். படகில் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு வார்த்தையும் கத்தல்தான். இருபது, முப்பது வருடம் அப்படிக் கத்திய நாண்கள் முதுமைக்குள் நுழையும்போதே தழும்பேறியிருக்கும். அதே எஞ்சின் காதையும் கெடுக்கிறது. வயதும் இரைச்சலும் சேர்ந்து உச்ச ஒலிகளை முதலில் அழிக்கின்றன. ச, த, ப போன்ற ஒலிகள் மங்குகின்றன. வீட்டில் பெரியவர் மெல்லப் பேசுகிறார், பெரியம்மாவுக்குக் கேட்கவில்லை. "வாய்க்குள்ளயே பேசாதய்யா!" என்று அவர் கோபப்படுகிறார். கொஞ்ச நாளில் பெரியவர் பேசுவதையே விட்டுவிடுகிறார். பேசாத தொண்டை இன்னும் மெலிகிறது. ஒரு தொண்டையின் நோயாகத் தெரிவது, பாதி இன்னொருவரின் காதில் இருக்கிறது. குரலுக்குச் சிகிச்சை தேடும் முன் வீட்டிலுள்ள இருவருக்குமே காது பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

இனி, "வயசாயிடுச்சு" என்ற சொல் செய்யும் பெரிய கெடுதலுக்கு வருவோம். முதுமையால் வரும் மாற்றம் ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்ல வரும். ஒரு மாதத்தில் குரல் அடைத்துப் போனால் அது வயது அல்ல. பீடி, சிகரெட் பிடிப்பவருக்குக் குரல் அடைப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். குடியும் சேர்ந்தால் குரல்வளைப் புற்றுநோயின் ஆபத்து இன்னும் பெருகுகிறது. குரல் நாணில் தொடங்கும் புற்று, மிகச் சிறியதாக இருக்கும்போதே குரலைக் கெடுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். உடம்பு இவ்வளவு சீக்கிரமாக மணி அடிக்கும் புற்றுகள் குறைவு. அதைக் கேட்டும் "வயசு" என்று ஒதுக்கிவிடுகிறோம் என்பதுதான் வேதனை.

புற்று மட்டுமில்லை. சுருதி ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில், முணுமுணுப்பாகச் சுருங்கும் குரல் பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அடையாளமாக இருக்கலாம். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் குரல் தடிக்கும். வயிற்று அமிலம் மேலேறினாலும் கரகரக்கும். இடப்பக்கக் குரல் நாணுக்குப் போகும் நரம்பு நேராகப் போவதில்லை. கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. அதனால் நெஞ்சுக்குள் வளரும் ஒரு கட்டி, முதலில் குரலில் தெரியலாம். தொண்டையைப் பார்த்த மருத்துவர் நெஞ்சுக்கு ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் குழம்ப வேண்டாம்.

இவை எதுவும் இல்லை, தொய்ந்த நாண்கள்தான் என்று உறுதியானால், செய்ய நிறைய இருக்கிறது. ஜப்பானின் நொபுஹிகோ இஸ்ஷிகி 1974இல் விவரித்த அறுவை முறைகளில் ஒன்று, குரல்வளையின் குருத்தெலும்பில் சிறு சன்னல் வெட்டி, நாணை உள்பக்கமாகத் தள்ளி நிறுத்துவது. வேப்பிலை இடைவெளியை அடைக்க, நாணுக்குள் ஹயலூரானிக் அமிலத்தையோ நோயாளியின் சொந்தக் கொழுப்பையோ ஊசியில் ஏற்றும் முறையும் உண்டு. ஆனால் பெரும்பாலோருக்கு முதல் மருந்து பயிற்சிதான். பார்க்கின்சன் நோயாளிகளுக்காக 1987 வாக்கில் அமெரிக்காவில் உருவாகி, லீ சில்வர்மன் என்ற நோயாளியின் பெயரைத் தாங்கிய பயிற்சி, ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது: சத்தமாகப் பேசுங்கள். கத்துவது வேறு, நெஞ்சு நிறைய மூச்செடுத்து, கழுத்தை முறுக்காமல் குரலை விடுவது வேறு. அந்த வித்தியாசத்தைப் பேச்சுப் பயிற்சியாளர் பக்கத்திலிருந்து பழக்குகிறார்.

இன்னொரு பயிற்சிக்கு அந்த டம்ளரும் ஸ்ட்ராவும் போதும். ஸ்ட்ராவின் நுனியை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மட்டும் தண்ணீரில் விட்டு, 'ஊ' என்று முனகிக்கொண்டே ஊத வேண்டும். குமிழி உடைவதும் குரல் ஓடுவதும் ஒன்றாக நடக்கும். ஸ்ட்ராவில் தடைப்பட்ட காற்று பின்னுக்கு அழுத்தி, நாண்களை மேலிருந்தும் தாங்கிக்கொள்கிறது. அவை மோதிக்கொள்ளாமல் மெத்தென்று அதிரப் பழகுகின்றன. முதலில் ஒரே சுருதியில், பிறகு கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. தினம் இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு தடவையும் சில நிமிடம். குமிழி விட்டுவிட்டு வந்தால் மூச்சு சீராக இல்லை என்று அர்த்தம். சீராகக் கொப்பளித்தால் சரி. ஃபின்லாந்தில் இதையே கண்ணாடிக் குழாய் வைத்துப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள்.

டம்ளரைப் பார்த்து முதல் நாள் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு ஸ்ட்ரா கொடுத்துவிட்டால், யாருடைய குமிழி நீண்ட நேரம் ஓடுகிறது என்று போட்டி தொடங்கிவிடும். பெரியவருக்குப் பயிற்சி அலுக்காது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அளந்து பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். காற்று அடங்கிய ஒரு விடியலில், எஞ்சின்கள் கிளம்புவதற்கு முன், முகத்துவாரத்தைப் பார்த்துக் கரையில் நிற்க வேண்டும். மூச்சை நிறைய வாங்கி, முப்பது வயதின் சுருதியைத் தேடாமல், இப்போது வரும் சுருதியில் ஒரு தடவை கூப்பிட்டு, படகு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும்.